என் சடங்குக்கு மூன்று படம்

என் சடங்குக்கு மூன்று படம் போட்டார்கள். அதில் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை.

1991ஆம் ஆண்டு, மே மாத விடுமுறை. எனக்கு வயது 13. மதுரை செல்லூரில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் தாய்மாமன் பச்சை ஓலையில் குச்சு கட்டியிருந்தார். தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், மதியம் உளுந்தங்களி. தண்ணீர் ஊற்றுவதற்கு முந்தைய ராத்திரி, வந்திருந்த சொந்தக்காரர்களுக்காக டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து வாசலில் வைத்தார்கள். அந்தக் காலத்தில் கல்யாணம், காதுகுத்து, சடங்கு என எந்த விசேஷமானாலும் எங்கள் பக்கம் டெக் போடுவது வழக்கம். விடிய விடிய மூன்று படம் ஓடும்.

எனக்குப் படம் என்றால் உயிர் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால், வாசலில் ஆம்பளைகள் இருக்கிறார்கள், தீட்டு வேறு. எனவே நான் கொல்லையில். முதல் படம் 'கரகாட்டக்காரன்' என்பது மேளச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. இரண்டாவது, 'சம்சாரம் அது மின்சாரம்'. மூன்றாவது படம் தொடங்கும்போது தூங்கிவிட்டேன். அது என்ன படம் என்று இன்றுவரை தெரியாது. மறுநாள் யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள்.

எனக்காக நடந்த விசேஷம். எனக்காக வந்த கூட்டம். ஆனால், ஊரே பார்த்துச் சிரித்த படத்தை நான் மட்டும் இரண்டு சுவர் தாண்டிக் காதால் கேட்டேன். படங்களைப் பற்றிய என் கருத்துகள் எல்லாம் அங்கேதான் தொடங்கின என்று நினைக்கிறேன்.

கருத்து என்று பெரிய வார்த்தை போட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் அதெல்லாம் ஆண்களுடையது. ஒரு படம் பார்த்துவிட்டு வந்தால் அப்பாவும் சித்தப்பாவும் அண்ணனும் திண்ணையில் உட்கார்ந்து பிரித்து மேய்வார்கள். அம்மா காபி கொடுப்பார். அம்மாவிடம் யாராவது கேட்டால், "நல்லாத்தான் இருந்துச்சு" என்பார். அவ்வளவுதான். அந்த இரண்டு சொற்களுக்குள் அவர் எதை எதை ஒளித்து வைத்திருந்தார் என்று நான் கேட்டதே இல்லை.

இத்தனைக்கும் டிக்கெட் வாங்குவது நாங்கள்தான். அன்றைய தியேட்டர்களில் பெண்களுக்குத் தனி கவுண்டர் இருக்கும், வரிசை சின்னதாக இருக்கும். புதுப் படத்துக்கு ஆண்கள் வரிசையில் சட்டை கிழியும். அதனால் அண்ணன் என்னையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு போவான். 1952இல் 'பராசக்தி'யோடு திறக்கப்பட்ட தங்கம் தியேட்டர் போன்ற பிரம்மாண்டமான கொட்டகைகள் இருந்த ஊர் இது. அங்கெல்லாம் டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் கைகளாக நாங்கள் இருந்தோம். படம் எப்படி என்று சொல்லும் வாய் மட்டும் எங்களுக்கு இல்லை.

சரி, இப்போது சொல்கிறேன். நான் விமர்சகர் இல்லை. ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறவள். பார்த்த படங்களை மனதில் போட்டு மென்றுகொண்டே இருப்பவள், அவ்வளவே.

முதலில் காமெடி. 'கரகாட்டக்காரன்' 1989இல் வந்து, மதுரையில் ஓராண்டைத் தாண்டி ஓடிய படம். வாழைப்பழக் காமெடி எனக்கு இன்றும் பிடிக்கும். அன்று ஓலைக்குள் இருந்தபடி முகம் எதையும் பார்க்காமலேயே சிரித்தேன். அதே படத்தில் கார் காமெடி ஒன்று உண்டு. அந்தக் கார் முன்பு சொப்பன சுந்தரி என்ற பெண்ணிடம் இருந்தது என்று சொல்வார்கள். உடனே, அந்தப் பெண்ணை இப்போது யார் வைத்திருக்கிறார்கள் என்று கேள்வி வரும். வாசலில் இருந்த அத்தனை ஆண்களும் வெடித்துச் சிரித்தது எனக்கு அப்படியே கேட்டது. 13 வயதில் எனக்கு அது புரியவில்லை. புரிந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

யோசித்துப் பாருங்கள். சொப்பன சுந்தரி அந்தப் படத்தில் வரவே மாட்டாள். அவள் முகம் யாருக்கும் தெரியாது. அவளைப் பற்றி நமக்குத் தெரிந்த ஒரே உண்மை, அவளிடம் ஒரு கார் இருந்தது என்பதுதான். அந்தக் காலத்தில் கார் வைத்திருந்த பெண்! எப்படி வாங்கினாள், எங்கே ஓட்டிப் போனாள் என்று யாரும் கேட்கவில்லை. யார் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. முப்பத்தைந்து வருடங்களாகத் தமிழ்நாடே அவளை வைத்துச் சிரிக்கிறது. 2023இல் ஐஸ்வர்யா ராஜேஷ் நடித்து அவள் பெயரிலேயே ஒரு படம் வந்தபோது, கடைசியில் அவளுக்கு ஒரு முகம் கிடைத்ததே என்று எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

காமெடியே பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். 1994இல் வந்த 'மகளிர் மட்டும்' எனக்கு மனப்பாடம். ரேவதி, ஊர்வசி, ரோகிணி மூவரும் வேலை பார்க்கும் இடத்தில் தொல்லை கொடுக்கும் மேலாளராக நாசர். வேலையிடத்தில் நடக்கும் பாலியல் தொல்லைக்கு விசாகா வழிகாட்டுதல்கள் வந்தது 1997இல். சட்டம் வந்தது 2013இல். அதற்கெல்லாம் முன்பே, அந்தத் தொல்லையை எல்லாரும் பார்க்கும் ஒரு சிரிப்புப் படத்தில் வைத்துவிட்டார்கள். நான் முதன்முதலாக வேலைக்குப் போன இடத்தில், கணக்கு நோட்டைப் பார்க்கிற சாக்கில் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் ஓர் ஆள் இருந்தார். யாரிடம் என்னவென்று சொல்வது? அவர் வரும்போதெல்லாம் அந்தப் படத்தில் வரும் எலி மருந்துக் காபி எனக்கு நினைவுக்கு வரும். சிரிப்பை அடக்க முடியாது. நான் ஏன் சிரிக்கிறேன் என்று தெரியாமல் அவர் குழம்பி நகர்ந்துவிடுவார். சிரிப்பு எனக்குச் செய்த முதல் உதவி அது.

'அவ்வை சண்முகி' (1996) பார்க்கும்போது மட்டும் ஒரு முள் குத்தும். கமலின் வேஷம் பிரமாதம்தான். ஆனால், பிள்ளையோடு இருக்க ஆசைப்படும் அப்பா, அதற்காக மடிசார் கட்ட வேண்டியிருக்கிறது. சமைப்பதும் குழந்தை பார்ப்பதும் வேட்டி சட்டையிலேயே செய்யக்கூடிய வேலைதானே? ஓர் ஆண் அந்த வேலையைச் செய்வதே நமக்கு வேடிக்கையாக இருக்கிறது என்பதில்தான் பாதிச் சிரிப்பு இருக்கிறது.

பிறகு, கோவை சரளா புருஷனை அடிக்கும் காமெடிகள். எனக்கு அவை பிடிக்காது என்றுதான் பல காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் ஓர் அக்கா இருந்தார். வாரத்தில் இரண்டு நாளாவது வீட்டுக்காரரிடம் அடி வாங்குவார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு டிவி பார்க்க வருவார். கோவை சரளா வடிவேலுவைப் புரட்டி எடுக்கும் காட்சி வந்தால், அந்த அக்கா சிரிக்கிற சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். முந்தானையால் துடைத்துக்கொண்டே சிரிப்பார். ஆண்களும் அதே காட்சிக்குத்தான் சிரித்தார்கள். நடக்காத விஷயம் என்பதால் அவர்கள் சிரித்தார்கள். ஒரு நிமிஷமாவது நடக்கிறதே என்று அந்த அக்கா சிரித்தார். அதிலிருந்து, இந்தக் காமெடி பெண்களுக்கு எதிரானதா இல்லையா என்று சட்டென்று தீர்ப்புச் சொல்வதை நிறுத்திவிட்டேன். யார் சிரிக்கிறார்கள், எங்கே உட்கார்ந்து சிரிக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

அடுத்து, அன்று ராத்திரி ஓடிய இரண்டாவது படம். விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்' 1986இல் வந்தது. தேசிய விருது வாங்கியது. அப்பாவுக்கும் மகனுக்கும் சண்டை வந்து, வீட்டுக்கு நடுவே கோடு போடும் காட்சி எல்லாருக்கும் தெரியும். அந்தக் கோட்டைப் போடுவது யார்? கோதாவரி. கமலா காமேஷ் நடித்த அம்மா. சண்டை இரண்டு ஆம்பளைகளுக்கு. கோடு கிழிக்கும் வேலை மட்டும் அவளுக்கு! அந்தக் கோடு உனக்குச் சம்மதமா என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. பல வருடங்கள் கழித்து இதைக் கவனித்தபோது, "நல்லாத்தான் இருந்துச்சு" என்ற என் அம்மாவின் குரல்தான் காதில் கேட்டது. ஆனால், கடைசியில் மூத்த மருமகள் உமாவாக வரும் லட்சுமி, சேர்ந்து வாழ வேண்டாம், தள்ளி இருந்தே பிரியமாக இருப்போம் என்று முடிவெடுப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். குடும்பத்தை ஒட்டவைத்த அதே பெண், எவ்வளவு ஒட்டினால் போதும் என்றும் சொல்கிறாள்.

இனி, கார்ட்டூன். அதாவது அனிமேஷன். இந்த வகைக்குள் என்னை இழுத்துப்போனவள் என் மகள். ஊரடங்குக் காலத்தில் வீட்டிலேயே கிடந்தபோது, ஹயாவோ மியாசாகியின் 'கிகிஸ் டெலிவரி சர்வீஸ்' பார்த்தோம். சூனியக்காரக் குடும்பத்தில் பிறந்த பெண் கிகி. அவர்கள் வழக்கப்படி, பெண்ணுக்கு 13 வயதானால் வீட்டைவிட்டுக் கிளம்பி, முன்பின் தெரியாத ஊரில் ஒரு வருடம் தனியாகப் பிழைக்க வேண்டும். கிகி துடைப்பத்தில் ஏறிப் பறந்துபோய், ஒரு ரொட்டிக்கடையில் தங்கி, வீடு வீடாகப் பொருள் கொண்டுபோய்க் கொடுத்துச் சம்பாதிக்கிறாள். வில்லன் கிடையாது. அவளை யாரும் கெடுக்க வருவதில்லை. அவளுக்கு வரும் ஒரே பெரிய கஷ்டம், ஒருநாள் திடீரென்று பறக்க முடியாமல் போவதுதான்.

அந்தப் படம் எந்த வருடம் வந்தது என்று தேடிப் பார்த்தேன். 1989. 'கரகாட்டக்காரன்' வந்த அதே வருடம். 13 வயதில் ஒரு பெண்ணைப் பறக்கவிடும் வழக்கத்தை யாரோ ஒருவர் ஜப்பானில் வரைந்துகொண்டிருந்திருக்கிறார். 13 வயதில் எனக்கு ஓலை கட்டினார்கள். மகள் தூங்கிய பிறகு நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். பொம்மைப் படம் பார்த்து அழுதாள் என்று என் வீட்டுக்காரர் இன்னமும் சொல்லிக் காட்டுவார்.

2022 மார்ச்சில் 'டர்னிங் ரெட்' வந்தது. பிக்ஸார் நிறுவனத்தின் முழுநீளப் படத்தைத் தனியாக இயக்கிய முதல் பெண், டோமீ ஷி. டொரோன்டோவில் வளரும் சீனக் குடும்பத்துப் பெண் மே லீ. அவளுக்கும் வயது 13. ஒருநாள் காலையில் பெரிய சிவப்புப் பாண்டாவாக மாறிவிடுகிறாள். மகளுக்கு முதல் மாதவிடாய் வந்துவிட்டது என்று நினைத்த அம்மா, நாப்கின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கே வந்து நிற்பாள். அந்த வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் இந்தப் பாண்டா உண்டு. பாட்டியும் அத்தைகளும் கூடி, ஒரு ராத்திரி சடங்கு செய்து, பாண்டாவைப் பூட்டிவிட வேண்டும். மே லீ மட்டும், எனக்கு என் பாண்டா வேண்டும் என்று சொல்லிவிடுகிறாள். நானும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தோம். படம் முடிந்ததும் மகள் கேட்டாள், "நம்ம வீட்லயும் எல்லாரும் வந்து உக்காருவாங்களாம்மா?"

மூன்றே மாதத்தில் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டி வந்தது.

சடங்கு வேண்டாம் என்றேன். எளிதாக எழுதிவிட்டேன், நடந்தது எளிதாக இல்லை. என் அண்ணன் தாய்மாமன் சீருக்காக வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தான். என்னை அவமானப்படுத்திவிட்டாய் என்று சொல்லிப் போனவன், ஒரு வருடத்துக்கும் மேல் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. வீட்டுக்காரர் மொய் நோட்டை எடுத்து முன்னால் போட்டார். கல்யாணமானதிலிருந்து நாங்கள் ஊரெல்லாம் செய்த மொய் அதில் இருந்தது. எங்கள் பக்கம் மொய் என்பது அன்பளிப்பு இல்லை. கொடுத்ததைத் திரும்ப வாங்க ஒரு விசேஷம் வைத்தாக வேண்டும். அந்தப் பணத்தை நம்பித்தான் அவர் மாடி போடக் கடன் வாங்கியிருந்தார். அதற்கு இன்னமும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம்.

"அப்படி என்ன பிடிவாதம், காரணத்தைச் சொல்லு" என்று எல்லாரும் கேட்டார்கள். பெண் உடல், தீட்டு, ஆணாதிக்கம் என்று படித்ததெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால், வாயில் வந்தது வேறு. "எனக்கு மூணு படம் போட்டீங்க. நான் பார்க்கல" என்றேன். பைத்தியம் பிடித்துவிட்டதா என்பதுபோலப் பார்த்தார்கள். மேலூர்ப் பக்கம் கிராமத்திலிருந்து வந்திருந்த என் மாமியார் மட்டும் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். பல மாதங்கள் என்னோடு பேசவில்லை.

இதில் நான் ஜெயித்துவிட்டேன் என்றும் சொல்ல மாட்டேன். ஒருநாள் தோழியின் சடங்கு ஆல்பத்தைப் பார்த்துவிட்டு வந்த மகள், "எனக்கும் பட்டுப் பாவாடையில ஒரு போட்டோவாவது இருந்திருக்கலாம்லம்மா" என்றாள். அவளிடம் கேட்காமல் நானும் ஒரு கோட்டைக் கிழித்துவிட்டேனோ என்று அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த தீபாவளிக்குப் பட்டுப் பாவாடை எடுத்துக் கொடுத்தேன். போட்டோவும் எடுத்தோம். விசேஷம் என்று எதுவுமில்லை, அழகாக இருந்தாள், அதனால் எடுத்தோம்.

2023 கடைசியில் மாமியார் கண் ஆபரேஷனுக்காக எங்கள் வீட்டில் வந்து தங்கினார். கட்டுப் பிரித்துச் சில வாரங்கள் போன பிறகு, பி.எஸ்.வினோத்ராஜின் 'கூழாங்கல்' போட்டேன். மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியில் எடுத்த படம். 2021இல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன மனைவியைக் கூட்டிவரக் குடிகாரக் கணவன் மகனையும் இழுத்துக்கொண்டு போகிறான். திரும்பி வரும்போது சிறுவன் பணத்தைக் கிழித்துப்போட, இருவரும் கொதிக்கும் வெயிலில் 13 கிலோமீட்டர் நடக்கிறார்கள். இயக்குநரின் அக்கா புகுந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்டு, கைக்குழந்தையோடு நடந்து வந்ததிலிருந்து பிறந்த கதை அது.

கடைசிக் காட்சியில் ஊற்றில் தண்ணீர் ஊறுவதற்குப் பெண்கள் காத்திருப்பார்கள். ஒரு பெண் கொஞ்சம் கொஞ்சமாக மோந்து குடத்தில் ஊற்றுவாள். காட்சி நகரவே நகராது. வீட்டுக்காரர் எழுந்து போய்விட்டார். மகள் போனை எடுத்துவிட்டாள். மாமியார் மட்டும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "குடம் ரொம்புற வரைக்கும் காட்டிருக்கணும். பாதியில நிப்பாட்டிட்டான்" என்றார்.

எத்தனையோ விமர்சனம் படித்திருக்கிறேன். குடம் நிரம்பும்வரை உட்கார்ந்த ஒருத்தியால்தான் இதைச் சொல்ல முடியும்.

அன்றுதான் அவர் பழையபடி என்னோடு பேசத் தொடங்கினார். "அன்னைக்கு மூணு படம்னு சொன்னியே ஏத்தா" என்று மெதுவாக ஆரம்பித்தார். "எங்க காலத்துல டெக்கு ஏது? எனக்கு வள்ளி திருமணம் நாடகம் வெச்சாங்க. மருதையிலருந்து ஆளுக வந்து ஆடுனாக. நானும் குச்சுக்குள்ள கெடந்துதான் கேட்டேன்."

கிட்டத்தட்ட அறுபது வருடங்களுக்கு முந்தைய ராத்திரி அது. "அப்ப நீங்களும் பார்க்கலையா அப்பத்தா?" என்று மகள் போனைக் கீழே வைத்தாள்.

அடுத்த கோடையில் மாமியார் ஊர்த் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் போட்டார்கள். மூன்று பேரும் பாயைத் தூக்கிக்கொண்டு போய் முதல் வரிசையில் உட்கார்ந்தோம். வள்ளியும் நாரதரும் விடாமல் தர்க்கம் பண்ணும் இடத்தில், வள்ளி மடக்கும்போதெல்லாம் மாமியார் தொடையில் தட்டிச் சிரித்தார். முருகன் கிழவனாக வந்து, யானையை விட்டுப் பயமுறுத்தி, வள்ளி ஓடிவந்து கட்டிக்கொள்ளும் இடம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

விடிகாலையில் வீட்டுக்கு நடந்து வரும்போது, "எப்படி அத்தை இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு நின்று திரும்பிச் சொன்னார்:

"அந்தப் புள்ள வேணாம் வேணாம்னு அம்புட்டு நேரம் நாயம் பேசுது. யானைய விட்டு வெரட்டிக் கட்டுறதெல்லாம் ஒரு கல்யாணமா?"